நூற்று நாற்பத்து நான்கு பற்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு நீங்கள் முகம் சுளிப்பதைவிட அது மேல். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் கம்பெனி ஷெட்டில் பத்தொன்பது பேர். லேத் ஓடிக்கொண்டிருந்தாலும் அத்தனை பேருக்கும் என் குரல் கேட்கும். என் கணவர் பரமசிவம், "அருப்புக்கோட்டைக்காரியக் கட்டுனா வீட்டுக்கு மைக் செட்டே வேண்டாம்ல" என்பார். அவருக்கும் அதே ஊர்தான் என்பதை அப்போது மட்டும் வசதியாக மறந்துவிடுவார்.

நான் ராஜலட்சுமி. பாலிடெக்னிக் முடித்து, கல்யாணம் முடித்து, ஓசூருக்கு வந்து பத்து வருடம். இருசக்கர வண்டிக் கம்பெனிகளுக்கு ஜிக் வரைவதுதான் என் வேலையாக இருந்தது. உதிரிபாகத்தில் துளை போடும்போது அது அசையாமல் பிடித்துக்கொள்கிற இரும்புப் பிடியைத்தான் ஜிக் என்போம். பிரேக் லீவருக்கு ஒன்று, கிக்கருக்கு ஒன்று, மறுபடியும் பிரேக் லீவருக்கு ஒன்று. ஒன்பது வருடம் இதையே வரைந்தால் யாருக்குத்தான் அலுக்காது? தூக்கத்தில்கூட பிரேக் லீவர் வந்தது.

2008 தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வந்தார்கள். நிலாவில் ஓடக்கூடிய வண்டிக்குச் சக்கரமும் காலும் வடிவமைத்துச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். நிஜமாக நிலாவுக்குப் போகிற வண்டி இல்லை. அதற்கெல்லாம் முன்னால் தரையில் ஓட்டிப் பார்ப்பதற்கான மாதிரி வண்டி. எங்கள் முதலாளி கமலக்கண்ணன் சார் பின்னந்தலையைச் சொறிந்துகொண்டே, "செய்யறது செஞ்சிடலாம், யார் வரையறது?" என்றார். "நான் வரையுறேன் சார்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அதன் பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

பதினோரு மாதம் அந்த வண்டியோடுதான் வாழ்ந்தேன். ஆறு சக்கரம். ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. இரண்டு பக்கமும் நடுவில் மடங்குகிற கால்கள். ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறி நின்றாலும் மற்ற ஐந்தும் தரையை விடக்கூடாது. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும் என்பதால், மாதிரி வண்டியையும் அதற்கேற்ப நாலு கிலோவுக்குள் அடக்க வேண்டும். அவ்வளவு லேசான வண்டி மாவு மாதிரி மண்ணில் மேடேற வேண்டுமென்றால் சக்கரம் மண்ணைக் கவ்வ வேண்டும். அதற்காக ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் இருபத்துநான்கு பற்கள் வைத்தேன். மூன்று மில்லிமீட்டர் உயரம், உளி மாதிரி முனை. ஆறு சக்கரத்துக்கும் சேர்த்து நூற்று நாற்பத்து நான்கு.

மத்திகிரியில் எங்கள் வீட்டில் தாம்பாளம் நிறைய கோதுமை மாவைப் பரப்பி அதில் அட்டைச் சக்கரம் உருட்டிப் பார்ப்பேன். பரமசிவம் இரண்டாம் ஷிஃப்ட் கிளம்பும்போது எட்டிப் பார்த்து, "நிலாவுல வண்டி ஓடட்டும், இங்க சப்பாத்தி எப்ப ஓடும்?" என்று கேட்பார். முறைத்தால் சிரித்துக்கொண்டே ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வார். நல்ல மனுஷன்தான்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சோதனை என்று தேதி குறித்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் நம் நாட்டுக் கலம் நிலாவைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. டீக்கடையில்கூட அதே பேச்சு. பெங்களூரிலிருந்து ஸ்ரீராம் என்ற விஞ்ஞானி வருவார். இருபது டிகிரி சரிவில், நிலா மண்ணுக்குப் பதிலாகக் கொட்டிய கல்மாவில், வண்டி மூன்று மீட்டர் ஏற வேண்டும். போனில் அவரே சொன்னார்: "இந்தப் பக்கத்துல ரெண்டு கம்பெனி ஏற்கெனவே செஞ்சு குடுத்தாங்க மேடம். ரெண்டுமே பாதியில வழுக்குது. எங்களுக்கு மண்ணு மேலதான் சந்தேகம். பாப்போம்."

கமலக்கண்ணன் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஏறிடுச்சுன்னா அடுத்த வண்டியும் நமக்குத்தான், டிசைன் பூரா நீங்கதான். ஏறலேன்னா திங்கக்கிழமையில இருந்து நீங்க பழையபடி பிரேக் லீவர் பாத்துக்கணும். தப்பா நினைக்காதீங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காதில் சூடாக இறங்கியது.

வியாழக்கிழமை வண்டியை முழுதாகப் பூட்டி முதல் தடவை ஓட்டிப் பார்த்தோம். ஷெட்டின் பின்பக்கம் மூன்றரை மீட்டர் நீளத்துக்கு மரத்தொட்டி. பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிற இடங்களில் கழிவாகப் போகிற கல்சேற்றை வாங்கி வந்து, காயவைத்து, சலித்து, அதில் நிரப்பியிருந்தோம். ஒரு முனைக்கு அடியில் ஜாக்கி வைத்து இருபது டிகிரிக்குத் தூக்கினோம். சுவிட்சைப் போட்டேன்.

வண்டி ஒரு முழம் ஏறியது. அதோடு நின்றது. ஆறு சக்கரமும் சுற்றிக்கொண்டே இருந்தன, வண்டி மட்டும் பொடியில் குழி பறித்துக்கொண்டு பின்னால் வழுக்கி வந்தது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, அதே கதை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மோட்டாரைத் திட்டினேன். பொடியைத் திட்டினேன். பொடியைச் சலித்தது வெங்கடம்மா. ஷெட்டைக் கூட்டி, இரும்புத் துருவலை அள்ளிக் கொட்டுகிற அம்மா. "ஒழுங்காச் சலிச்சீங்களா இல்லையா?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் சக்கரத்தைக் கையில் எடுத்தேன். பல்லின் முனையைக் கட்டைவிரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. குழந்தையின் ஈறு மாதிரி. ஒவ்வொரு பல்லும் இரண்டு பக்கமும் உருட்டப்பட்டு, தேய்க்கப்பட்டு, மெருகேற்றப்பட்டு, கண்ணாடியாக மின்னியது. பார்க்க அவ்வளவு அழகு. என் வாழ்க்கையைக் கெடுத்த அழகு.

"யார் இதைச் செஞ்சது?"

"நான்தாங்க மேடம்" என்று முனிவேல் வந்தார். அவர் எங்கள் மூத்த ஃபிட்டர். நாகரசம்பட்டிக்காரர், ஊரில் மாந்தோப்பு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்வருவார். அவர் கை பட்ட வேலை ஒன்றுகூடப் பிசிறு இருக்கிறதென்று திரும்பி வந்தது கிடையாது. ஓசூரில் அது சின்ன விஷயம் இல்லை. வண்டிக் கம்பெனியில் சரக்கைச் சோதிப்பவர் விரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், லாரியோடு அத்தனையையும் திருப்பிவிடுவார்கள். அதனால் இந்த ஊர் ஃபிட்டர்கள் எதைக் கையில் எடுத்தாலும் கடைசியில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து முனையை மழுக்கிவிட்டுத்தான் கீழே வைப்பார்கள்.

"நாலு நாளு ஆச்சுங்க. ஒண்ணுல கூடப் பிசிறு கெடையாது" என்றார் முனிவேல். அந்தப் பெருமையைக் கேட்டதும் எனக்குக் கண் இருட்டியது. கத்தினேன். பதினெட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதினோரு மாத உழைப்பை ஒரு அரத்தால் வழித்துப் போட்டுவிட்டீர்களே, தலையில் என்ன இருக்கிறது, எதைக் கண்டாலும் தேய்ப்பதுதானா என்றெல்லாம் கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது.

முனிவேல் தன் மேசைக்குப் போய், எண்ணெய்க் கறை படிந்த என் வரைபடத்தை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். கீழ் மூலையில், குறிப்புகள் இருக்கிற இடத்தில் விரலை வைத்தார். நான்காவது குறிப்பு: கூரான விளிம்புகள் அனைத்தையும் மழுக்கவும். அதற்குக் கீழே என் கையெழுத்து.

எங்கள் கம்பெனியில் எந்த வரைபடத்தைத் திறந்தாலும் அந்த நாலு குறிப்பும் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். பிரேக் லீவருக்கு அது சரி. ஒன்பது வருடமாக நான் அதைப் படிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

"சரி" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்ன செய்வது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அந்த வருடம் மின்வெட்டு பிய்த்து எடுத்தது. கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரமே கிடையாது. எங்கள் வரிசைக்கு வெள்ளிக்கிழமைதான். மின்சாரம் இருந்தாலும் புதிதாக ஆறு சக்கரம் வெட்ட நாலு நாள் ஆகும். ஒரே வழிதான் இருந்தது. உருண்டு போன பற்களை ஒரு பக்கமாகச் சாய்த்து அரத்தால் ராவி, மறுபடி கூராக்க வேண்டும். பல்லின் உயரம் கொஞ்சம் குறையும். குறைந்தால் குறையட்டும்.

ஷெட்டின் வாசலில் வெளிச்சமாக இருக்கிற இடத்தில் ஆறு ஃபிட்டர்களும் ஆளுக்கொரு சக்கரத்தோடு உட்கார்ந்தார்கள். அரை மணி கழித்துப் போய்த் தடவிப் பார்த்தேன். வழவழ. ஒருவர் விடாமல் எல்லோர் சக்கரமும் வழவழ. பக்கத்தில் நின்று கவனித்தேன். நன்றாகத்தான் ராவினார்கள், முனை கத்தியாகத்தான் வந்தது. வந்த உடனே கை தானாக மேலே போய் ஒரு இழுப்பு இழுத்து அதை மழுக்கிவிட்டது. அவர்களுக்கே தெரியவில்லை.

"கடைசி இழுப்பு இழுக்காதீங்க" என்றேன். "இல்லீங்க மேடம்" என்றார் முனிவேல். சொல்லிக்கொண்டே இழுத்தார். பிறகு அரத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையையே வெறித்துப் பார்த்தார். "என் கையி நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நேற்றைக்கு நான் கத்தியதிலிருந்து ஷெட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கும் வந்தது, ஆனால் உள்ளே பயமும் இருந்தது. மணி பத்தரை. கையில் கூரான பல் ஒன்றுகூட இல்லை.

நான் ஒரு அரத்தை எடுத்துப் பார்த்தேன். பத்து வருடம் மவுஸ் பிடித்த கை. இரண்டு பல்லை ராவுவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போனது.

துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த வெங்கடம்மா நின்று பார்த்தார். "ஏமம்மா, இதுக்கா இத்தன ஆம்பளைங்க?" என்றார். நேற்று நான் பேசியது அவருக்கு ஆறியிருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முனிவேலின் கையிலிருந்து அரத்தை வாங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் வீடும் மத்திகிரியில்தான். இரண்டு மாடு வைத்திருக்கிறார். தினமும் விடிந்ததும் புல் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார், அரிவாளை அவரேதான் தீட்டிக்கொள்வார். சக்கரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, ஒரே பக்கமாக, சர் சர்ரென்று மூன்று பல்லை ராவி என்னிடம் நீட்டினார்.

தடவினேன். விரலில் மெல்லிசாக ரத்தம் கசிந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் ரத்தம் பார்த்தது கிடையாது.

"சாலா, இங்க்கா காவாலா?" என்று கேட்டார். போதுமா, இன்னும் வேண்டுமா என்கிறார்.

"இன்னும் நூத்தி நாப்பத்தி ஒண்ணு வேணும்மா" என்றேன். "நேத்து உங்களப் பேசுனதுக்கு ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க."

"மாடு உதைக்குது, அதுக்காகப் பால் கறக்காம விடறமா?" என்றார் வெங்கடம்மா. ஃபிட்டர்கள் அத்தனை பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அவர் ராவ, மற்றவர்கள் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்கள். முனிவேல் சும்மா இருப்பாரா? ராவி முடித்த பல்லைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். நகத்தில் சுருள் எழுந்தால் சரி, எழாவிட்டால் திருப்பிக் கொடுத்தார். "இது வெட்டலம்மா. இன்னொரு தபா ராவு." இருபது வருடமாகக் கூராக இருக்கிறது என்று தள்ளிவைத்த மனிதர், கூர் போதாது என்று தள்ளிவைத்தார். வெங்கடம்மா அவரைத் தெலுங்கில் வைதுகொண்டே மறுபடி ராவிக் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு நூற்று நாற்பத்து நான்கும் முடிந்தது. ஏழு பேர் விரலில் பிளாஸ்திரி, முனிவேலுக்கு நகமே பாதிதான் மிச்சம். வண்டி ஒயரில்தான் ஓடும், தொட்டியில் ஓட்டிப் பார்க்க மின்சாரம் வரவில்லை, ஆகவே மறுநாள் காலை ஸ்ரீராமோடு சேர்ந்துதான் நாங்களும் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை பனி விலகுவதற்கு முன்பே ஸ்ரீராம் வந்துவிட்டார். முப்பது வயசு இருக்கும், தோளில் லேப்டாப் பை. அவர் டீ குடிக்கும் நேரத்தில் கமலக்கண்ணன் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இந்த அரம் போட்ட விஷயம் கேட்டாருன்னா, ஃபிட்டர் தெரியாம மழுக்கிட்டாருன்னு சொல்லிக்கலாம். டிசைன்ல தப்புன்னு தெரிஞ்சா டிசைன் வேலைய வேற இடத்துக்குக் குடுத்துருவாங்க. நமக்கு வெறும் கடைசல் வேலைதான் மிஞ்சும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. பதினோரு மாதம். பிரேக் லீவர்.

சுவிட்சைப் போட்டேன். வண்டி ஒரு முழம் ஏறியது. முந்தாநாள் நின்ற இடத்தைத் தாண்டியது. பற்கள் பொடியைக் கவ்வி, படிக்கட்டு மாதிரி வரிவரியாகத் தடம் பதித்துக்கொண்டே மேலே போயின. வழியில் நாங்கள் வைத்திருந்த கல்லின்மேல் இடது கால் மடங்கி ஏறியது, மற்ற ஐந்து சக்கரமும் தரையிலேயே இருந்தன. கடைசி மீட்டரில் கொஞ்சம் திணறியது, பிறகு மேல் பலகையில் போய் இடித்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஸ்ரீராம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது மெஷின்ல வெட்டுனது இல்லையே. கையால ராவியிருக்கு. ஏன்?"

"அது ஒண்ணும் இல்லீங்க சார், ஃபிட்டர் ஒருத்தர் தெரியாம…" என்று கமலக்கண்ணன் சார் ஆரம்பித்தார். முனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதி நகத்தை இன்னொரு கையால் மூடியிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை என் மேலேயே வந்தது. "இல்ல சார், ஃபிட்டர் மேல தப்பு இல்ல" என்றேன். குரல் வழக்கம்போல ஷெட் முழுக்கக் கேட்டது. "மழுக்கச் சொன்னது நான். வரைபடத்துல நாலாவது குறிப்பு. படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுதியிருந்ததத்தான் செஞ்சாரு. அதுக்கு அவரை எல்லார் முன்னாடியும் கன்னாபின்னான்னு திட்டவும் செஞ்சேன். தப்பு டிசைன்லதான். என்னோடது."

கமலக்கண்ணன் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் வரைபடத்தை ஸ்ரீராமிடம் நீட்டினேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஸ்ரீராம் அந்த மூலையைப் படித்தார். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து எங்கள் வேலை மேசையில் வைத்துத் திறந்தார். ஒரு வரைபடம், இன்னொரு வரைபடம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். ஏற்கெனவே ஏறாமல் போன அந்த இரண்டு வண்டிகளின் சக்கரங்கள். இரண்டும் ஓசூரிலேயே வரைந்து, ஓசூரிலேயே செய்தவை. கீழ் மூலையில் குறிப்புகள். ஒன்றில் மூன்றாவது, இன்னொன்றில் ஆறாவது: கூரான விளிம்புகள் அனைத்தையும் மழுக்கவும்.

அங்கேயே நின்றபடி பெங்களூருக்குப் போன் போட்டார். "மண்ணை மாத்த வேண்டாம். ஆமா, நிறுத்திடுங்க. அந்த ரெண்டு வண்டிச் சக்கரத்தையும் விரலால தடவிப் பாத்துட்டுச் சொல்லுங்க." காத்திருந்தார். எதிர்ப்பக்கம் ஏதோ சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, "ரெண்டும் வழவழன்னு இருக்காம்" என்று சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"ஆறு மாசமா மண்ணைத் திட்டிட்டு இருந்தோம் மேடம். நாலு ஊர் மண்ணு மாத்தியாச்சு. நீங்க இப்ப ஃபிட்டர் தப்புன்னு சொல்லியிருந்தா நான் கேட்டுக்கிட்டுப் போயிருப்பேன். அஞ்சாவது ஊர் மண்ணுக்கு ஆள் அனுப்பியிருப்போம்." வரைபடத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வண்டிக்கு நீங்களே வரைஞ்சிடுங்க. குறிப்பை மட்டும் படிச்சிட்டு அனுப்புங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாகவே அழுதேன். வெங்கடம்மா முந்தானையை நீட்டினார். இரும்புத் துருவல் ஒட்டியிருக்கும் என்று பயந்து வாங்கவில்லை.

ஸ்ரீராம் போன பிறகு முனிவேலிடம் போனேன். அவர் பொடி படிந்த சக்கரங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், விரலை வெட்டிக்கொள்ளாமல் ஜாக்கிரதையாக. வியாழக்கிழமை தொண்டையிலிருந்து திரும்பிப் போன வார்த்தை இப்போதாவது வரட்டும் என்று, "முனிவேல், அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான்…" என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிரவில்லை. "எல்லார் முன்னாடியும்தான் கத்துனீங்க. இன்னிக்கி எல்லார் முன்னாடியும்தான் சொல்லிட்டீங்களே மேடம்" என்றார். துடைத்த சக்கரத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.